கடல் பையன்கிட்ட இருக்கு

பெரம்பலூர் மாவட்டத்தில் ஆழம் அண்ணன் கயிறு விடாத குழி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தக் குழியை இன்னும் தோண்டவில்லை என்று அர்த்தம்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தக் கார்டை நானே என் கடையில் பலமுறை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். இருந்தும் பெயர் மனதில் நிற்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் முதலில் விழுகிற கேள்வி "எவ்வளவு ஆழம்?" என்பதுதான், ஊரும் அதையே பெயராக்கிவிட்டது. கிணறு, சாக்கடை என்றில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறவரை நிறுத்தி, "இது எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஊசியை எடுத்தால், "எவ்வளவு ஆழம் போவும்மா?" என்பார். ஒருமுறை ஏ.டி.எம். மிஷின் அவருடைய கார்டை விழுங்கிவிட்டது. மற்றவர்களாக இருந்தால் மிஷினைத் திட்டியிருப்பார்கள். இவர் அந்தத் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஆழம் இல்ல, கொக்கி விட்டா எடுத்துரலாம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். காவலாளி கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பினார்.

தொழிலே அதுதான். போர்வெல் குழிக்குள் விழுந்துவிட்ட மோட்டாரை வெளியே எடுப்பது. எங்கள் பக்கம் தண்ணீர் பாதாளத்துக்கு ஒரு தெரு முன்னால்தான் கிடைக்கும். அவ்வளவு ஆழத்தில் மோட்டார் அறுந்து விழுந்தால், வெங்காயக் காட்டுக்காரர் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிடுவார். அப்போது ஆழம் அண்ணன் வருவார். முக்காலி நட்டு, தானே வெல்டிங் வைத்துச் செய்த கொக்கியைக் கயிற்று முனையில் கட்டி உள்ளே இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொள்வார். கயிற்றை ஒரு சுண்டு. கொஞ்சம் தளர்த்தல். மறுபடி ஒரு சுண்டு.

"கல்லு."

இன்னொரு சுண்டு.

"சேறு."

சுற்றி நிற்கிறவர்கள் மூச்சு விடமாட்டார்கள். கடைசியில் அவர் முகம் மலரும்.

"ம், இந்தா இருக்கான்."

மோட்டாரை எப்போதும் 'அவன்' என்றுதான் சொல்வார்.

"கண்ணை எதுக்குண்ணே மூடுறீங்க? உள்ளதான் ஏற்கெனவே இருட்டாச்சே" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள இருட்டு, வெளிய வெளிச்சம். ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா கைக்குக் கொழப்பம் இல்ல தம்பி" என்றார்.

எனக்குப் படிப்பு குறைவு. ஜெராக்ஸ் போட வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் நான் தேறினேன். இப்படி ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனால், அன்றைக்கு வியாபாரம் ஆகாவிட்டாலும் கவலைப்பட மாட்டேன்.

என் கடை, துறையூர் ரோட்டிலிருந்து பிரிகிற தெருவில் இருக்கிறது. பக்கத்து ஷெட் அவருடையது. ஷெட்டுக்குப் பின்னால் வீடு. அங்கே போன் சிக்னல் வராது. அதனால் அவருடைய குடும்பம் முழுவதும் எனக்குத் தெரியும். அவர் போன் பேசுவதெல்லாம் என் கடையில்தான், என் வைஃபையில்தான். பல வருஷம் போர் போடுகிற லாரி பக்கத்தில் நின்று காது மந்தமாகிவிட்டதால், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். தெருவுக்கே கேட்கும்.

குடும்பம் என்றால் ஒரே மகன், குமார். மாலத்தீவில் ஒரு தீவு ஓட்டலில் ஏ.சி. மெக்கானிக். அண்ணி இருந்தவரை, போன் வந்தால் அண்ணிதான் பேசுவார்கள். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து, "இந்தாங்க, அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க" என்று போனை நீட்டுவார்கள். அண்ணன் வாங்கி, "நல்லாருக்கியா?" என்பார். பதில் வருவதற்குள் போன் அண்ணியிடம் திரும்பிப் போயிருக்கும். அப்பாவும் மகனும் இத்தனை வருஷம் பேசிக்கொண்டது அப்படித்தான்.

அண்ணி தவறியபின், போன் நேரே அவர் கைக்கு வர ஆரம்பித்தது. மகனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. சாயங்காலம் அழைப்பு வரும்.

"சாப்டியா?"

"சாப்டேன்ப்பா. நீங்க?"

"ஆச்சு."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தம் இருக்காது.

"வேலை எப்புடி?"

"போவுதுப்பா. அங்க மழை உண்டா?"

"இல்ல. அங்க?"

"இல்ல."

மறுபடி சத்தமில்லை.

"சரிப்பா, வச்சிடவா?"

"வச்சிடு."

நான் ஒரு ஆதார் கார்டை முன்பக்கம், பின்பக்கம் எடுத்து முடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். அதற்கப்புறம் அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, திரை அணைகிறவரை பார்த்துக்கொண்டிருப்பார். அணைந்ததும் ஒரு விரலால் தட்டி எழுப்புவார். அது மறுபடி அணையும். நான் டீக்குச் சொல்வேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மீன் வந்தது.

குமார் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். படகு ஆட்களோடு கடலுக்குப் போயிருக்கிறான். இரண்டு தீவுக்கு நடுவில் ஆறு மாதிரி தண்ணீர் பாய்கிற இடம். ஈயத்தில் செய்த மீன் பொம்மை ஒன்றைக் கொக்கியோடு நேர் கீழே இறக்கி, தூண்டில் ராடைச் சுண்டிச் சுண்டி இழுக்கிறான். திடீரென்று ராடு வில்லாக வளைகிறது. மேலே வந்தது ஆள் உயரத்தில் பாதி இருக்கிற மீன்.

ஆழம் அண்ணன் அதை என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியில், "தம்பி, இது என் தொழிலாச்சே" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவராகவே மகனைக் கூப்பிட்டார்.

"ஏன்டா, அது என்ன, சுண்டிச் சுண்டி இழுக்குற?"

"அதுக்குப் பேரு ஜிக்கிங்ப்பா. அந்த ஈய மீனுதான் ஜிக்கு. அடிவரைக்கும் எறக்கிட்டு, சுண்டி மேல கொண்டாரணும். உசுரு மீனுன்னு நெனச்சு பெரிய மீனு வந்து கடிக்கும்."

"அடி தொட்டுச்சுன்னு எப்படிடா தெரியும்?"

"கையில தெரியும்ப்பா."

"எனக்குத் தெரியாதாடா அது" என்றார் அண்ணன். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஒரு காலேஜ் பெண்ணின் புராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதையும் பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன். பேச்சு முடியவில்லை. கடைசியில் குமார் சொன்னான்: "ஒரு தடவ இங்க வாங்கப்பா, ரெண்டு பேரும் போவலாம். ராடும் நூலு சுத்துற ரீலும் மட்டும் நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க. இங்க ஓட்டம் ஜாஸ்தி, சாதா ராடு தாங்காது."

எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வராத பெரம்பலூரில், கடல் நீரோட்டத்துக்கு எந்த ராடு தாங்கும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாத ஒரு மனிதர் அன்றைக்கு உருவானார்.

முதலில் திருச்சிக்குப் போனோம். தூண்டில் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் நல்ல மனுஷன், ஆரம்பத்தில்.

"எந்த ஊருங்க?"

"பெரம்பலூர்."

"ஏரியில பிடிக்கவா?"

"கடல்ல."

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "பெரம்பலூர்ல கடல் எங்கங்க இருக்கு?"

"கடல் பையன்கிட்ட இருக்கு. நீங்க ராடு காட்டுங்க."

அவர் நீளமாக ஒன்றை எடுத்தார். அண்ணன் தலையாட்டினார். "இது கரையில நின்னு வீசுறது. எனக்குப் படகுல நின்னு நேர் கீழ விடணும். குட்டையா இருக்கணும், அடித்தண்டு கெட்டியா இருக்கணும், நுனி மட்டும் பேசணும்." வீடியோ பார்த்து அவ்வளவு தேறியிருந்தார்.

கடைக்காரர் உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தார். "கண்ணை மூடிக்கிட்டு இத எடுக்கலாங்க."

அவர் பேச்சுக்குச் சொன்னார். அண்ணன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார். "நுனில நூலைக் கட்டி அந்தக் கோடில நின்னு இழுங்க" என்றார். கடைக்காரர் இழுத்தார். "இப்படி இல்லங்க. கல்லு மாதிரி இழுங்க." கடைக்காரர் கல் மாதிரி நின்றார். "இப்ப சேறு மாதிரி." சேறு எப்படி இழுக்கும் என்று தெரியாமல் அவர் என்னைப் பார்த்தார். நான் தோளைத் தொங்கப்போட்டுக் காட்டினேன். அவரும் தொங்கப்போட்டு, மெல்ல இழுத்தார். கடையில் நின்ற மற்ற வாடிக்கையாளர்கள் விலைகேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. பையனக் கேட்டுட்டு வரேன்" என்று அண்ணன் கண்ணைத் திறந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை பேச்சு, ராடைப் பற்றி. அடுத்த வெள்ளி, ரீலைப் பற்றி.

"வேகமா சுத்துற ரீலு எடுங்கப்பா. ஓட்டத்துல நூலு தொய்வா போயிரும், சட்டுனு சுருட்டணும்."

"வேகமா சுத்துறதுல பலம் இருக்காதுடா. செயின் பிளாக்கப் பாரு, மெதுவாத்தான் வரும். ஆனா அந்தச் சங்கிலி மாட்டையே தூக்கும்."

"மீனு மாடு இல்லப்பா."

"மாடு கணக்கா மீனு இருக்குன்னு நீதானடா சொன்ன."

அதற்கடுத்த வெள்ளி, நூல். நூல் எவ்வளவு மெலிசோ அவ்வளவு நல்லது, தடிமனாக இருந்தால் ஓட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், ஜிக்கு அடிக்கே போகாது என்றான் குமார். வாழ்நாள் முழுக்கக் கட்டைவிரல் தடிமன் கயிறு விட்ட மனிதருக்கு அது ஜீரணமாகவில்லை. "மெலிசு நூலை நம்பி அவ்வளவு கனத்தத் தொங்கவுடுறதா? எவன் சொன்னான் ஒனக்கு?" என்று பல வாரம் சண்டை.

வேடிக்கை என்னவென்றால், அண்ணனுக்கு ஒன்று பிடித்துப்போய் "இதையே எடுத்துரவா?" என்று கேட்டால், குமார் அதில் ஒரு குறை கண்டுபிடிப்பான். கைப்பிடி சின்னதாக இருக்கிறதே என்பான். குமார் ஒன்றைக் காட்டினால், அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வளையம் சரியில்லையே என்பார். ஒரு ராடை வாங்காமல் இருப்பதற்கு இரண்டு பேர் சேர்ந்து இவ்வளவு பாடுபட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "வச்சிடவா" என்ற வார்த்தை வரத் தாமதமாகித் தாமதமாகி, எனக்குக் கடை அடைக்கிற நேரமே தள்ளிப் போயிற்று.

அண்ணன் திருச்சிக்குப் போவதும் நிற்கவில்லை. அவர் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் கடைக்காரர் தானாகவே தோளைத் தொங்கப்போட்டுச் சேறாக நின்றுவிடுவாராம். ஒருநாள் அவர் பொறுமை போய், தூசி படிந்த ஒரு பழைய ராடையும் ரீலையும் கையில் கொடுத்து, "இத வச்சுப் பழகுங்கய்யா. காசு வேணாம். ஆனா பழகி முடிக்கிறவரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

பழக ஜிக்கு வேண்டும். பழைய ஈயத்தை உருக்கித் தானே ஒரு மீன் வார்த்தார். என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். வெண்டைக்காய்க்கு வால் முளைத்த மாதிரி இருந்தது. ஆனால் கண் இருந்தது. இரண்டு பக்கமும் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

"பொட்டு எங்க வாங்குனீங்கண்ணே?"

"வாங்கல. கண்ணாடில ஒட்டியிருந்துச்சு."

குளிக்கப் போகும்போது பொட்டை எடுத்து நிலைக்கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. நான் மீனை இரண்டு கையாலும் வாங்கி மேசைமேல் வைத்தேன்.

பழகுவதற்கு இடம்? அவருக்குத் தெரிந்த ஆழம் ஒன்றுதான். பூலாம்பாடி பக்கம் சின்னசாமி என்ற வெங்காயக்காரரின் போர். "ஒரு சின்ன டெஸ்டு" என்று சொல்லி என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். போர் மூடியைத் திறந்து, ராடை நீட்டி, பொட்டு வைத்த மீனை உள்ளே இறக்கினார். கண்ணை மூடினார். சுண்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"தண்ணி அசையாம கெடக்கு. நமக்கு ஓட்டம் வேணும். சின்னசாமி, மோட்டாரப் போடு."

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கடலில் தூண்டில் போடுகிறார்கள். நீரோட்டம் வேண்டும் என்று ஐந்து எச்.பி. மோட்டாரைப் போடச் சொன்னவர் இவர் ஒருவர்தான் இருக்கமுடியும். சின்னசாமி அப்பாவி, போட்டுவிட்டார். உள்ளே தண்ணீர் உறுமியது. ராடின் நுனி துடித்தது. அப்புறம் சடாரென்று வளைந்தது.

"மாட்டிக்கிச்சு" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

"என்னது மாட்டிக்கிச்சு?" சின்னசாமி ஓடிவந்தார். "யோவ், அது என் மோட்டாருய்யா. மோட்டாரு கயித்துல மாட்டியிருக்க."

"ஒரு நிமிஷம் மீனுன்னு நெனச்சுக்க சின்னசாமி. எவ்வளவு தாங்குதுன்னு பாத்துக்கிறேன்."

"நான் எதுக்குய்யா மீனுன்னு நெனைக்கணும்? என் வெங்காயம் தண்ணி இல்லாம காயுதுன்னு நெனைக்கிறேன்."

ராடு நடுவில் முறிந்தது. நூல் குழிக்குள் ஓடிவிட்டது. அதற்கப்புறம் ஆழம் அண்ணன் முக்காலி நட்டு, மோட்டாரையும் பைப்பையும் முழுசாக வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. ஊரார் விட்ட பொருளையெல்லாம் எடுத்துக்கொடுத்தவர், தான் விட்டதைத் தானே எடுத்தார். மோட்டார் கயிற்றில் தொங்கிக்கொண்டு வந்த ஈய மீனைப் பார்த்துச் சின்னசாமி கேட்டார்: "என்னய்யா இது, பொட்டெல்லாம் வச்சிருக்கு?"

"பாத்துப் புடி. பொட்டு உழுந்துரப் போவுது" என்றார் அண்ணன்.

அந்த வெள்ளிக்கிழமை குமார் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. ராடு எந்த இடத்தில் முறிந்தது, முறிவதற்கு முன் எப்படி வளைந்தது, ரீலின் பிடியைத் தளர்த்தி வைத்திருந்தால் நூலை விட்டுக்கொடுத்திருக்கும் அல்லவா என்று மணிக்கணக்கில் பேசினார்கள். ஒரு ராடு முறிந்ததற்கு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது அதற்கப்புறம்தான். மேலே நல்ல மழை. ஆறு இரு கரையும் தொட்டுப் போகிறது என்று சேதி. அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நெசமான ஓட்டம் தம்பி. வா." முறிந்த ராடுக்குப் பி.வி.சி. பைப்பை மாட்டி, ஒட்டுப்போட்டிருந்தார். "குட்டையாயிருச்சு. ஜிக்கிங் ராடு குட்டையாத்தான் இருக்கணும்" என்று அதற்கும் ஒரு நியாயம். அரியலூர் போய், அங்கிருந்து பஸ் மாறி, கீழப்பழுவூர் தாண்டித் திருமானூரில் இறங்கினோம்.

ஆற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று பார்ப்பது அந்தப் பக்கத்து ஜனங்களின் வழக்கம். அன்றைக்கும் கைப்பிடிச் சுவர் ஓரம் பெரிய கூட்டம். அதன் நடுவில் ஆழம் அண்ணன் ராடை நீட்டி, ஈய மீனை இறக்கினார். வேட்டி சட்டையில் ஒருவர், கையில் ஏதோ கருவியோடு நின்று ஆற்றுக்குள் கயிறு விட்டால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள்.

"சார், எத்தன அடி ஓடுதுங்க?"

"இருங்க, கயிறு சொல்லும்."

"இன்னும் ஏறுமாங்க?"

அண்ணன் கண்ணை மூடியிருந்தார். கூட்டம் நெருங்கியது. மடியில் பையை வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து, "ஐயா, எங்க வூடு கரையோரம்தான். சாமானத் தூக்கிட்டுப் போயிரட்டுமா, இருக்கலாமா?" என்று கேட்டாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். அந்தக் கேள்விக்கு அவரால் விளையாட முடியவில்லை. "நான் ஆபீசர் இல்லம்மா. இது பையனுக்காகப் பாக்குறேன்" என்றார்.

அந்த அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டாள். பாய்கிற தண்ணீரைப் பார்த்தாள், ராடைப் பார்த்தாள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் அண்ணனின் தோளை மெல்லத் தொட்டு, "மனசத் தேத்திக்கங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, அப்படி இல்லங்க. பையன் மாலத்தீவுல இருக்கான். நல்லாருக்கான். போன வெள்ளிக்கிழமகூட பேசுனான்" என்றேன்.

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன எதுக்கு இவரு அவன இங்க தேடுறாரு?"

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

அண்ணன் இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. நூல் நேர் கீழே போகவில்லை. பாலத்துக்கு அடியில் சாய்ந்து, தொலைவில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அவர் விட்டுக்கொண்டே இருந்தார். ரீலில் நூல் மெலிந்துகொண்டே வந்தது.

"தம்பி" என்றார் மெதுவாக. "அடி தெரியல."

"ஓட்டம் ஜாஸ்திண்ணே. அதான் குமாரு சொன்னானே, மெலிசு நூலுதான் போவும்னு."

"எத்தன வருசமா கயிறு விடுறேன். அடி இல்லாம வந்ததே இல்ல தம்பி. கல்லு, சேறு, ஏதோ ஒண்ணு கையில தட்டும். இதுல ஒண்ணுமே தட்டல."

சொல்லி முடிப்பதற்குள் நூல் அறுந்தது. சத்தம்கூட இல்லை. ராடு நிமிர்ந்துகொண்டது, அவ்வளவுதான். அவர் மிச்ச நூலைச் சுற்றி எடுத்தார். பொட்டு வைத்த மீன் போய்விட்டது.

திரும்பும்போது கீழப்பழுவூரில் இறங்கி டீ குடித்தோம். அவர் டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"கண்ணாடில இன்னும் ஒரு பொட்டு இருக்கு. அத எடுக்கல" என்றார்.

"இருக்கட்டும்ண்ணே. வேற மீனு வார்த்துக்கலாம். பேசாம அந்தத் திருச்சி ராடையே வாங்கிருங்களேன். அதுதான் நல்லாருந்துச்சு. வாங்கிட்டு ஒருதடவ போயிட்டு வாங்க."

"எங்க போறது? அவன் ரூமுல ஆறு பேரு படுத்திருக்கானுவ. அப்பன் வந்தா எங்க தங்க வைப்பான்? வாய் வார்த்தைக்குக் கூப்பிட்டான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்."

"அப்ப எதுக்குண்ணே இந்த ராடு?"

டம்ளரைக் கீழே வைத்தார். "வாங்கிட்டா அப்புறம் அவன்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டோம். வழி நெடுக சிமென்ட் லாரிகள் எதிரே வந்தன. அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

அதற்குச் சில வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை குமார் அவசரமாகப் பேசினான். தீவு வேலை முடிந்துவிட்டது. வேறு கம்பெனி, வளைகுடாப் பக்கம். "ஊருக்கு வராம நேரா போறேன்ப்பா. பாலைவனத்துக்கு நடுவுல கேம்ப்பு. கடலெல்லாம் கெடயாது, மணல்தான்" என்றான்.

"ஓகோ" என்றார் அண்ணன்.

"போய்ச் சேர்ந்துட்டுப் பேசுறேன். வச்சிடவா?"

"வச்சிடு."

அடுத்த வெள்ளி அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அண்ணன் வழக்கம்போல வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். போன் திரை அணைந்தால் விரலால் தட்டி எழுப்பினார்.

அந்த நேரம் பார்த்து, அரியலூர்க்காரர் ஒருவர் வந்தார். குமாரோடு அதே தீவில் வேலை பார்த்தவராம், லீவில் வந்திருக்கிறார். நீளமாக ஒரு குழாய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார். "கெளம்புற அன்னைக்கு வாங்கிக் குடுத்தாங்க. ராடும் ரீலும் உள்ள இருக்கு. அப்பாகிட்ட சேத்துருங்கன்னு சொன்னாங்க" என்று வைத்துவிட்டுப் போனார்.

தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டியூப் லைட் என்றார் எதிர்க்கடைக்காரர். கர்ட்டன் கம்பி என்றார் டீக்கடைக்காரர். துப்பாக்கியாக இருந்தால் எனக்குத் தெரியாது என்று தையல்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஆழம் அண்ணன் அதைப் பிரிக்கவில்லை. கையில் வாங்கி, கண்ணை மூடி, எடை பார்த்தார். பிறகு என் கடை மூலையில் சாய்த்து வைத்தார்.

"பிரிச்சுப் பாருங்கண்ணே."

"இருக்கட்டும் தம்பி. வூட்டுல வச்சா அதையே பாத்துக்கிட்டிருப்பேன். இங்கயே இருக்கட்டும்."

மேலும் ஒரு வெள்ளி போயிற்று. அதற்கடுத்த வெள்ளி, விளக்கு வைக்கிற நேரம், போன் அடித்தது. புது நம்பர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்டியா?"

"சாப்டேன்ப்பா. நீங்க?"

"ஆச்சு."

மறுமுனையில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"வேலை எப்புடி?"

"போவுதுப்பா. அங்க மழை உண்டா?"

"கொஞ்சம் பேஞ்சுது. அங்க?"

"இங்க மழையே கெடயாதுப்பா."

யாரோ ஒருவர் ஆதார் கார்டை என் முன் நீட்டினார். நான் வாங்கவில்லை. அடுத்து என்ன வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும், போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அப்பா" என்றான் குமார். "ராடு வந்துச்சா?"

"வந்துச்சு."

"பிரிச்சுட்டீங்களா?"

"இல்லடா."

"பிரிக்காதீங்க. எனக்கு எடுத்தப்பவே சந்தேகம்தான். அந்த ஓட்டத்துக்கு அது தாங்காதுன்னு தோணுது. ரீலும் கொஞ்சம் வேகமா சுத்துற ரகம். நாம வேற பாப்போம்ப்பா."

ஆழம் அண்ணன் கண்ணை மூடினார். நுனியில் ஏதோ தட்டுப்பட்டவர் மாதிரி அவர் கை கொஞ்சம் அசைந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்லடா" என்றார். "செயின் பிளாக்கப் பாரு, மெதுவாத்தான் வரும். நீ எங்க கேட்ட?"

"சரிப்பா, இப்ப கேக்குறேன். சொல்லுங்க."

ஒருவர் பாலைவனத்தில், இன்னொருவர் பெரம்பலூரில். கண்ணுக்கெட்டிய தூரம் இருவருக்கும் கடல் கிடையாது. பாய்கிற கடலில் எந்த ராடு தாங்கும் என்று அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓடுகிறது. குழாய்ப் பெட்டி பிரிக்கப்படாமல் என் கடை மூலையில் நிற்கிறது. மழை நாளில் வருகிறவர்கள் குடையை அதன்மேல் மாட்டுகிறார்கள். நான் எடுத்து வேறு இடத்தில் வைப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கடைப் பக்கம் வந்தீர்களானால், ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் என்று சொல்வேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அது ஓடினால், பையன் பேசுவது அண்ணனுக்குக் கேட்காது.